மொழி பெயராத எல்லை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், ஜொகூர் பாருவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதற்கண் தாமதத்திற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். உட்லண்ட்ஸில் உள்ள என் வீட்டிற்கும் இம்மண்டபத்திற்கும் இடையே உள்ள தொலைவு, பறவை பறக்கும் வழியில் கணக்கிட்டால் ஐந்து கிலோமீட்டரைத் தாண்டாது. காலை ஆறு மணிக்குப் புறப்பட்டேன். வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. சனிக்கிழமை என்பதைக் கணக்கில் கொள்ளாதது என் பிழை. பேருந்து பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பொறுமையிழந்த சிலர் இறங்கி நடந்தனர். நானும் நடந்தேன். பட்டுப்புடைவையுடன் கடற்பாலத்தில் நடப்பது எத்தகைய அனுபவம் என்பதை இங்குள்ள மகளிர் அறிவர். ஆடவர்க்கு விளக்குவது கடினம்.

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'எல்லை கடத்தல்' என்பது. அழைப்பிதழைக் கண்ட என் மாணவி ஒருத்தி, "அம்மா, எதைக் கடத்தப் போகிறீர்கள்?" என்று வினவினாள். பழந்தமிழில் கடத்தல் என்பது தாண்டிச் செல்லுதலையே குறித்தது. சுரம் கடத்தல், காடு கடத்தல் என்றே நம் முன்னோர் வழங்கினர். இன்று நாளிதழைத் திறந்தால் அச்சொல் சிகரெட்டுக்கும் போதைப்பொருளுக்கும் உரியதாகிவிட்டது. நடந்து போனவனின் சொல் ஒளித்துக்கொண்டு போகிறவனின் சொல்லாயிற்று. எல்லைகளில் சாவடிகள் எழுந்தபின் சொற்களுக்கும் இவ்வாறு நேர்வதுண்டு போலும். எனவே என் உரைக்கு வேறொரு தலைப்பைச் சூட்டிக்கொண்டேன். அதற்கான காரணத்தைக் கூறிவிட்டுத் தொடர்கிறேன்.

தமிழர் எல்லையை எவ்வாறு கண்டனர்? தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம் வேங்கடத்தையும் குமரியையும் எல்லையாகக் கூறுவதை நாம் அறிவோம். அங்கே குறிக்கப்படுவது ஓர் அரசனின் ஆட்சி எல்லையன்று. தமிழ் வழங்கும் நிலத்தின் எல்லை. அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிச் செல்லும் வேற்றுநாட்டிற்கு 'மொழிபெயர் தேயம்' என்று பெயர். மொழி எங்கே மாறுகிறதோ அங்கே நாடும் மாறுகிறது. வேலி இல்லை, கல் இல்லை. வழியில் எதிர்ப்படுவோன் பேசுவது புரியாமற்போனால், நாம் எல்லையைக் கடந்துவிட்டோம் என்று பொருள். சோதனை என்பது இருந்தது; மறுக்கவில்லை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் சுங்க அலுவலர் பண்டங்களுக்குப் புலிமுத்திரை இட்டதைப் பட்டினப்பாலை விரிவாகவே காட்டுகிறது. ஆனால் அப்பாட்டில் முத்திரை விழுவது மிளகு மூட்டையின்மீது. மூட்டையைச் சுமந்து வந்தவன்மீதன்று.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் கடற்பாலத்திற்கு வாருங்கள். நீளம் 1,056 மீட்டர். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நடந்தால் கால்மணி நேரம். அக்கரையில் தமிழும் மலாயும் சீனமும் ஒலிக்கின்றன. இக்கரையிலும் அவையே ஒலிக்கின்றன. தேநீர்க் கடையில் 'தே தாரிக்' கேட்பதற்கு நாம் நாவை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஊர்ப்பெயரை எழுதுகையில் அக்கரை நாளிதழ் 'ஜோகூர்' என்று நெடிலிடும். இக்கரையார் பெரும்பாலும் 'ஜொகூர்' என்று குறிலில் நிறுத்துவர். ஒரு மாத்திரை வேறுபாடு. அதை வைத்து நாடு பிரிக்க எந்த இலக்கணியும் துணியமாட்டார். இது மொழி பெயராத எல்லை. பெயர்வது தாள் மட்டுமே.

இதைச் சொல்லும்போதே ஒரு திருத்தமும் சொல்லியாக வேண்டும். வாயின் மொழி மாறாவிடினும் சுவரின் மொழி மாறுகிறது. சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அறிவிப்புப் பலகைகளில் அதைக் காணலாம். பாலத்தைத் தாண்டி வந்தால் அரசுப் பலகைகளில் தமிழைக் காணல் அரிது. ஆனால் இங்கே ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. கணக்கையும் அறிவியலையும் ஒரு குழந்தை தமிழில் கற்க முடிகிறது. அக்கரையிலோ இறுதியாக எஞ்சியிருந்த தமிழ்வழிப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. அங்கே சுவரில் இருப்பது இங்கே வகுப்பறையில் இருக்கிறது. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, லாயாங் லாயாங் அருகே ஓர் இரப்பர்த் தோட்டப் பள்ளியில் தமிழ் பயின்று, இன்று அக்கரையில் அத்தமிழைக் கற்பித்து ஊதியம் பெறுபவள் நான் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இப்பாலம் எல்லையாவதற்காகக் கட்டப்பட்டதன்று. 1909இல் ஜொகூர் பாரு வரை இரயில் வந்துவிட்டது, அதற்குமேல் நீர். சரக்கு வண்டிப் பெட்டிகளைப் படகுகளில் ஏற்றி நீரிணையைக் கடத்திக்கொண்டிருந்தனர். இரப்பரும் ஈயமும் பெருகப் பெருகப் படகுகள் ஈடுகொடுக்கவில்லை. 1919இல் பணி தொடங்கி, புக்கிட் தீமாவிலும் பூலாவ் ஊபினிலும் வெட்டிய கருங்கல்லைக் கொட்டி நீரிணையைத் தூர்த்தனர். 1923 செப்டம்பரில் முதற் சரக்கு இரயிலும் அக்டோபரில் பயணிகள் இரயிலும் ஓடின. 1924 ஜூன் 28 அன்று முறைப்படியான திறப்பு விழா. அதே ஆண்டு செப்டம்பரில் கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' தோன்றியது என்பதை இலக்கிய மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். பாலம் நிற்கிறது, தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் வெளிவந்த அந்நாளிதழ் 2019 தொடக்கத்தில் நின்றுபோயிற்று. 1942 ஜனவரி 31 அன்று, ஜப்பானியர் வருகைக்கு அஞ்சிப் பின்வாங்கிய படையினர் இப்பாலத்தை வெடிவைத்து உடைத்தனர். ஒரு வாரத்தில் ஜப்பானியர் படகேறிக் கடந்தனர். பிறகு உடைப்பையும் செப்பனிட்டுக்கொண்டனர். பாலத்தின் வரலாற்றில் இதையே பெரிதாக எழுதுவர். எனக்குப் பெரிதாகத் தோன்றும் ஆண்டு வேறு.

என் அத்தைக்கு 1964இல் திருமணம் நடந்தது. அத்தை தோட்டத்தில் பிறந்தவர். மாமா செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றியவர். அப்போது சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு மாநிலம். 1963 செப்டம்பர் 16 அன்று இணைந்தது. 1965 ஆகஸ்டு 9 அன்று பிரிந்தது. இருபத்து மூன்று மாதங்களே நிலைத்த அவ்விணைப்பிற்குள் நடந்தது அத்திருமணம். "பக்கத்து ஊரில்தான் கட்டிக் கொடுக்கிறோம்" என்று பாட்டி தோட்டத்து மக்களிடம் சொல்லிக்கொண்டாராம். பொய்யன்று. பெண்ணை வெளிநாட்டில் கொடுத்தவர் அல்லர் அவர். கொடுத்தபின் அந்த ஊர் வெளிநாடாயிற்று.

எனினும் பிரிந்த அன்றே கதவு மூடப்படவில்லை. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் மக்கள் முன்போலவே போய்வந்தனர். 1967 ஜூனில் சிங்கப்பூர்ப் பக்கத்திலும் செப்டம்பரில் மலேசியப் பக்கத்திலும் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கிற்று. நான் கூறும் ஆண்டு இதுதான். வரைபடத்தில் கோடு விழுந்தது 1965இல். வீட்டிற்குள் விழுந்தது 1967இல். இரு நாடுகளுக்கு இடையே மட்டும் செல்லத்தக்க கட்டுப்பாட்டுக் கடப்பிதழ் என ஒன்றும் வழங்கப்பட்டது. அதைப் பெற வேண்டுமானால் குடிமகனாக இருக்க வேண்டும்.

பாட்டி குடிமகள் அல்லர். சிறுமியாக நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது, உரியவர்கள் விண்ணப்பித்துக் குடியுரிமை பெறலாம் என்றார்கள். தோட்டத்தில் அதை எடுத்துச் சொன்னவர் சிலர். கேட்டவர் அவரினும் சிலர். பள்ளித் தலைமையாசிரியரின் முயற்சியால் என் தந்தைக்குப் பிற்காலத்தில் நீல அட்டை கிடைத்தது. பாட்டியிடம் இருந்தது சிவப்பு அட்டை. இம்மண்ணில் வாழலாம், பால்மரம் சீவலாம், இறக்கவும் செய்யலாம். குடிமகள் என்று சொல்லிக்கொள்ளலாகாது. கடப்பிதழ் இல்லை. விண்ணப்பித்தால் வேறோர் ஆவணம் கிடைக்கும் என்று யாரோ கூறினர். ஆனால் அக்காலச் சூழலை எண்ணிப் பாருங்கள். 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியுரிமையற்றவர் வேலை செய்யவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்றாயிற்று. 1969 மே மாதக் கலவரத்தின் பின் அது கடுமையாக நடைமுறைக்கு வந்தது. அறுபதினாயிரம் பேர் வரை தோட்டங்களைவிட்டு இந்தியாவுக்குத் திரும்பினர் என்று ஆய்வாளர் கூறுவர். அந்நாளில் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு அலுவலகம் போவதென்றாலே அச்சம். போனவர் எந்தத் தாளுடன் திரும்புவாரோ! பாட்டியின் விண்ணப்பம் நிரப்பப்படாமலே போயிற்று.

1968இல் அத்தை கருவுற்றிருந்தார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்மவர் வழக்கம். மாமா ஒப்பவில்லை. அவரைக் குறைகூறுவதற்கில்லை. "பிள்ளை எங்கே பிறக்கிறதோ அந்த நாட்டுத் தாள்தான் கைக்கு வரும். குழப்பம் வேண்டாம், இங்கேயே பிறக்கட்டும்" என்றாராம். தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம் ஒரு பிறப்புச் சான்றிதழின்முன் தோற்றது. மகள் வர முடியவில்லை; தாய் போக முடியவில்லை. பாட்டி சுக்கும் மிளகும் திப்பிலியும் பூண்டும் கருப்பட்டியும் இடித்துப் பிரசவ மருந்து கிளறி, உருண்டை பிடித்து, பால்மா டின் ஒன்றில் அடைத்து, இரயில்வேயில் வேலை செய்த உறவினர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். சாவடியில் சுங்க அதிகாரி டின்னைத் திறக்கச் சொன்னார். கரிய உருண்டைகளைக் கண்டதும் அவர் முகம் மாறியதாம். அபினோ என்று ஐயுற்றிருக்கக்கூடும். முகர்ந்து பார்த்தார். அதிகாரி ஒரு தமிழர். "எங்க அம்மாவும் இதைத்தான் செஞ்சு கொடுத்தாங்க. கொண்டு போங்க, அண்ணே" என்று மூடியை அவரே அழுத்தி மூடிக் கொடுத்தாராம். என் குடும்பத்தில் நிகழ்ந்த முதற் கடத்தல் இதுதான். எந்தப் பொருளில் அச்சொல்லைக் கொள்வது என்பதை உங்களுக்கே விடுகிறேன்.

பின்னாளில் மார்சிலிங்கில் அடுக்குமாடி வீடு வாங்கினார்கள். பன்னிரண்டாம் மாடி. தாழ்வாரத்தில் நின்றால் நீரிணையும் அதன் அப்பால் ஜொகூரின் கரையும் தெரியும். அத்தை மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தோட்டத்திற்கு வந்துபோவார். பாட்டி ஒருமுறைகூட அவ்வீட்டின் படியை மிதித்ததில்லை. 1994இல் அவர் மறைந்தபோது எனக்கு வயது பதினான்கு. சிவப்பு அட்டை தலையணை உறைக்குள் இருந்தது.

நான் ஆய்வுக்கென எடுத்துக்கொண்ட துறைக்கும் இக்கதைக்கும் தொடர்புண்டு என்பதால் ஒரு சொல். 1965க்கு முன் எழுதியவர்களை 'மலாயா எழுத்தாளர்' என்கிறோம். பின் வந்தவர்களை 'மலேசிய எழுத்தாளர்', 'சிங்கப்பூர் எழுத்தாளர்' என்று பிரிக்கிறோம். பாடநூலிலும் அவ்வாறே, பரிசுக் குழுவிலும் அவ்வாறே. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய 'தமிழ் முரசு' சிங்கப்பூரில் அச்சாயிற்று. ஆனால் அதை எதிர்பார்த்துத் தோட்டத்து இரயில் நிலையங்களில் காத்திருந்தவர்கள் இக்கரையினர். ஜொகூரில் உட்கார்ந்து எழுதி, சிங்கப்பூர் இதழில் அச்சாகி, ஈப்போவில் படிக்கப்பட்ட ஒரு சிறுகதை எந்த நாட்டுக் கதை? என் முனைவர்ப்பட்ட வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒருவர், நான் எடுத்தாண்ட ஓர் எழுத்தாளரைச் சுட்டி, "இவர் உங்கள் ஆய்வெல்லைக்குள் வருகிறாரா? எந்த நாட்டவர்?" என்று கேட்டார். நேர்மையான வினாதான். அவர் பிறந்தது இங்கே, எழுதியது அங்கே, அடக்கமானது மீண்டும் இங்கே என்றேன். "அப்படியானால் அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள்" என்றார். அடிக்குறிப்பிற்குத் தள்ளப்பட்ட அவ்வெழுத்தாளரை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பாட்டியின் நினைவு வருகிறது.

2004இல் ஆசிரியப் பணிக்காக நான் அக்கரை சென்றேன். அத்தை வீட்டிலேயே தங்கினேன். அவ்வீட்டில்தான் இன்றும் வசிக்கிறேன். வெள்ளி மாலைகளில் தஞ்சோங் பகார் நிலையத்தில் இரயில் ஏறி ஊருக்கு வருவேன். அந்நிலையத்தின் விந்தையை இளையவர் அறிந்திருக்கமாட்டீர்கள். 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றிக்கொண்டது. மலேசியாவோ தன் சோதனையைத் தஞ்சோங் பகாரிலேயே வைத்துக்கொண்டது. நிலையமும் தண்டவாளமும் மலேசிய இரயில்வேக்கு உரியவை என்பது வழக்கு. எனவே வடக்கே போகும் பயணி முதலில் மலேசியாவுக்குள் நுழைவார். அதற்கும் ஏறத்தாழ அரைமணி கழித்து உட்லண்ட்ஸில் சிங்கப்பூரைவிட்டு வெளியேறுவார். புக்கிட் தீமாவின் மரங்களுக்கு இடையே இரயில் ஓடிக்கொண்டிருக்கும் அந்நேரத்தில் அவர் எந்த நாட்டில் இருந்தார்? வெளியேறாத நாட்டிலும் நுழைந்துவிட்ட நாட்டிலுமாக இரண்டிலும் இருந்தார். எனக்கு மிகப் பிடித்த அரைமணி அது. 2011 ஜூன் 30 இரவு கடைசி இரயிலை ஜொகூர் சுல்தான் அவர்களே ஓட்டிச் செல்ல, அந்த விந்தையும் முடிவுற்றது.

2012இல் நான் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றேன். பணி, திருமணம், பிள்ளை என்று காரணங்கள் பல. இரட்டைக் குடியுரிமைக்கு இரு நாட்டுச் சட்டமும் இடமளிப்பதில்லையாதலால் மலேசியக் குடியுரிமையைத் துறந்தேன். அட்டைகளின் நிறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே நீல அட்டை குடிமகனுக்கு. அக்கரையிலோ நீல அட்டை நிரந்தரவாசிக்கு, குடிமகனுக்கு இளஞ்சிவப்பு. தந்தையிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் வருந்துவார் என அஞ்சினேன். அவர் கேட்டது ஒன்றே: "என்ன நிறம்மா அட்டை?" சொன்னேன். சிறிதுநேரம் பேச்சில்லை. பின் சிரித்தார். "எங்க அம்மாவுக்குச் சிவப்பு, எம் பொண்ணுக்கு இளஞ்சிவப்பு. நடுவுல நான் மட்டும் நீலம்."

2020க்கு முன் நாள்தோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இரு நாடுகளுக்கும் இடையே தரைவழியாகக் கடந்தனர். இருள் விலகுமுன் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் சிங்கப்பூரை நோக்கி விரையும். பொருள்வயிற் பிரிவு என்று அகத்திணையில் கற்பிக்கிறோமே, அதன் இன்றைய வடிவம் அதுதான். காலையில் பிரிந்து மாலையில் மீளும் பிரிவு. தலைவியும் தனி மோட்டார் சைக்கிளில் பிரிந்து செல்கிறாள் என்பது புதுமை. 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தின மாலை, வேலையை இழக்க விரும்பாதவர்கள் கையில் ஒரு பையுடன் பாலத்தைக் கடந்தனர். நம் வட்டத்து உறுப்பினர் ஒருவரும் அவர்களுள் இருந்தார். இரண்டு வாரத்திற்கென்று மூன்று சட்டை எடுத்துச் சென்றவர் பல மாதங்கள் கழித்தே மனைவி மக்களைக் கண்டார்.

அவ்வாண்டு மே மாதத்தில் என் தந்தை இவ்வூர் மருத்துவமனையில் காலமானார். பக்கவாதம், மூன்று நாள். வெளிநாட்டவர் நுழையத் தடை இருந்தது. நான் வெளிநாட்டவள். அத்தையும் வெளிநாட்டவர். எழுபது ஆண்டுகளாகத் தம்பி என்று அழைத்தவரின் உடல் கிடக்கும் கரையைத் தம் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்று பார்க்க முடிகிறது, போக முடியவில்லை. எவர்மீதும் எனக்குக் குறையில்லை. நோய் பரவிய காலம். இரு அரசுகளும் தத்தம் மக்களைக் காக்க முனைந்தன. குறையில்லை என்பதனால் வலியில்லை என்றாகிவிடாது.

தம்பி கைப்பேசியில் இறுதிச் சடங்கைக் காட்டினான். வீட்டிற்குள் அலைவரிசை சீராக இல்லாமையால் தாழ்வாரத்திற்கு வந்தோம். உட்லண்ட்ஸ், மார்சிலிங் வாசிகள் அறிவார்கள்: கரையோரத்தில் நம் கைப்பேசி சில வேளைகளில் அக்கரைக் கோபுரத்தின் அலையைப் பற்றிக்கொள்ளும். வாய்க்கரிசி போடும் நேரத்தில் திரையின் மேற்புறம் ஒரு குறுஞ்செய்தி வந்து விழுந்தது: மலேசியாவுக்கு உங்களை வரவேற்கிறோம். தந்தையின் முகத்தை அது மறைத்துக்கொண்டு நின்றது. விரலால் ஒதுக்கினேன். அத்தைக்கு அதைப் படித்துக் காட்டவில்லை. அவர் உள்ளே சென்று ஒரு பிடி அரிசி கொண்டுவந்தார். "எந் தம்பிக்கு நான் போட வேண்டாமா?" என்றார். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அதன்முன் ஒரு தட்டை வைத்து, மும்முறை அரிசியை இட்டார். பிறகு தட்டை எடுத்து, அரிசியைப் பழைய பால்மா டின் ஒன்றில் கொட்டி மூடி, சாமியறையில் வைத்துவிட்டார். அது அந்த டின்தானா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவில்லை.

2021 நவம்பர் 29 அன்று குறிப்பிட்ட பேருந்துகளுக்கும், 2022 ஏப்ரல் முதல் நாள் நள்ளிரவில் எல்லார்க்கும் வழி திறந்தது. இரண்டு ஆண்டுகளும் இரண்டு வாரங்களும் ஆகியிருந்தன. அன்றிரவு மோட்டார் சைக்கிள்கள் ஒலியெழுப்பிக்கொண்டு பாலத்தில் பாய்ந்ததைத் தாழ்வாரத்திலிருந்து கண்டோம். மறுநாள் அத்தையை அழைத்துக்கொண்டு வந்தேன். வயது எழுபத்தேழு. தம் மடியில் டின்னை வைத்துக்கொண்டிருந்தார். யாரேனும் திறக்கச் சொன்னால் என்ன விடை கூறுவது என்று வழியெல்லாம் எனக்குக் கவலை. தமிழிலேயே கேட்டாலும், இரண்டாண்டுப் பழைய ஒரு பிடி அரிசியை எப்படி விளக்குவது? எவரும் கேட்கவில்லை. கடப்பிதழைத் திருப்பிப் பார்த்து, முகத்தைப் பார்த்து, முத்திரையிட்டு அனுப்பினர். தந்தையின் அஸ்தியைக் கரைத்த இடத்தைத் தம்பி காட்டினான். அத்தை டின்னைத் திறந்து அரிசியை நீரில் இட்டார். டின்னைக் கழுவித் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.

2024 மார்ச்சு முதல் சிங்கப்பூர்ப் பக்கத்தில் காரில் கடப்போர் கடப்பிதழை நீட்ட வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு கட்டக்குறியைக் காட்டினால் போதும் என்றாயிற்று. வசதிதான். தாளும் மெல்ல மறையக்கூடும். ஆயினும் இன்று காலை நான் நடந்து வந்தபோது, பாலத்தோரத்துத் தண்ணீர்க் குழாய்களின்மேல் அமர்ந்திருந்த பறவைகளைத் தவிர மற்றெல்லாரும் எதையோ ஒன்றைக் கையில் பற்றிக்கொண்டுதான் வந்தோம். ஜொகூர் ஆற்றுநீர் அக்குழாய்களில் அக்கரை செல்கிறது. தூய்மைப்படுத்திய நீரில் ஒரு பகுதி இக்கரை மீள்கிறது. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தம் 2061 வரை அதற்கு வழிசெய்கிறது. நீருக்கும் தாள் உண்டு என்பதைக் கூறவே இதைக் குறிப்பிட்டேன்.

அக்கரை, இக்கரை என்று இவ்வளவு நேரம் தாராளமாகப் பேசிவிட்டேன். என் தந்தைக்குச் சிங்கப்பூர் அக்கரை. என் மகனுக்கு ஜொகூர் அக்கரை. எனக்கு, நின்று பேசும் இடத்தைப் பொறுத்து மாறுகிறது.

நிறைவாக, மலர்க்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். கட்டுரையாளர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னே அடைப்புக்குறிக்குள் நாட்டின் பெயரை இடுவதாகவும், என் பெயருக்கு எதை இடுவது என்றும் கேட்டு எழுதியிருந்தீர்கள். விடையெழுதத் தாமதித்துவிட்டேன். இயலுமானால் எல்லார்க்கும் ஊர்ப்பெயரை இடுங்கள். எனக்கு லாயாங் லாயாங் என்று இட்டாலும் சரி, மார்சிலிங் என்று இட்டாலும் சரி. இரண்டையும் இட இடமிருந்தால் இன்னும் நன்று. பத்தாண்டுகளில் இரண்டாண்டு ஒருவரையொருவர் நேரில் காணாமல், திரையில் மட்டுமே கூடியும் ஒரு திங்களும் தவறாது கூட்டம் நடத்திய வட்டம் இது. ஊர்ப்பெயர்களைச் சரிபார்க்கும் சிறு தொல்லையை அது பொறுத்துக்கொள்ளும் என நம்புகிறேன்.

மாலையில் வரிசை நீளுமுன் நான் திரும்ப வேண்டும். அத்தை காத்திருப்பார்.